லாபம், இரண்டு, மூன்று

ரோச் லைற் ஆணியில் தொங்குகிறது. அதுதான் பிரச்சினை. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, தோட்டாக்கள் பெட்டிக்குள் மூக்கு மேலே பார்க்க வரிசையாக நிற்கின்றன, மூடியையும் மூடிவிட்டேன், கை கழுவலாம் என்று எழும்பினேன், எழும்பியவள் சும்மா போகாமல் சுவரைப் பார்த்தேன். ரோச் ஆணியில் தொங்குகிறது. வேலை நடக்கிற நாளில் அது ஆணியில் இருக்காது, மேசையில் என் வலது கைப்பக்கம் கிடக்கும். பித்தளைக் கோதுகளுக்குள் வெடிமருந்தைப் போட்டு முடித்ததும் அதை எடுத்து ஒவ்வொரு கோதின் வாய்க்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன், எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் கிடக்கிறதா, ஒன்றில் கூடவோ ஒன்றில் குறையவோ இருக்கிறதா என்று. பார்த்த பிறகுதான் வாயில் சன்னம், அதுதான் குண்டு, மாட்டுவது. எல்லாம் முடிந்து மேசையைத் துடைக்கும்போதுதான் ரோச் ஆணிக்குத் திரும்பும். மேசையை நான் இன்னும் துடைக்கவில்லை. அப்படியென்றால் ரோச்சை எடுத்தேனா இல்லையா. எடுத்திருப்பேன், எடுக்காமல் விடுகிற ஆளா நான், எடுத்துப் பார்த்துவிட்டு யோசனையில்லாமல் ஆணியில் மாட்டியிருப்பேன். மாட்டியதாக ஞாபகம் இல்லை. எடுத்ததாகவும் ஞாபகம் இல்லை. போன முறை எட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, அதற்கு முந்தின முறை பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது, அவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்று இன்றைக்கும் பார்த்தாய், பார்த்தாய் என்று சாட்சி சொல்கின்றன. போன மாதத்துச் சாட்சியை வைத்துக்கொண்டு இன்றைக்குத் தீர்ப்புச் சொல்ல ஏலாது. கை கழுவாமல் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டேன்.

நிலவறையில் சலவை மெசினுக்கும் மீன் போடுகிற பெரிய பிறீசருக்கும் நடுவில் இருக்கிறது என் மேசை. சின்ன யன்னலுக்கு வெளியே மழை, இந்த வடக்கு நோர்வேயில் செப்டெம்பர் என்றால் இப்படித்தான், வானம் விடிந்ததிலிருந்தே அழுகிற முகத்தோடு இருக்கும். நாளைக்குக் காலமை சாம்பவி, என் ஒரே பிள்ளை, இந்தப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சூட்டுத் திடலில் குப்புறப் படுத்து, அந்தக் கிழத் துவக்கின் கட்டையில் வலது கன்னத்தை ஒட்டிவைத்து, எல்க் உருவம் கீறிய பலகையைச் சுட வேண்டும். எல்க் என்றால் எங்கள் வன்னிக் காட்டு மரையின் சாதிதான், ஆனால் மாட்டைவிடப் பெரிது. வருடா வருடம் இந்தச் சோதனையில் தேறினவர்களைத்தான் வேட்டைக்கு விடுவார்கள், எங்கள் ஊரில் நாளையோடு சோதனை முடிகிறது. இத்தனை வருடமும் குழுவில் என் இடத்தில் நான்தான் போனேன். இந்த வருடம் வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது, மாரிக்குள் வெட்டுவார்களாம், அதுவரைக்கும் எனக்கு எல்க்கும் புகைமூட்டம்தான் குழுவில் இருக்கிற ஸ்வைனும் புகைமூட்டம்தான். என் இடத்தைப் பிள்ளைக்குத் தாருங்கள் என்று குழுவில் கேட்டபோது இந்த ஸ்வைன்தான் சொன்னான், வேட்டைக்குழுவில் இடமென்பது தாய் மகளுக்குக் கழற்றிக் கொடுக்கிற சங்கிலி இல்லை என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னான், சிரித்தபடி சொன்னால் இவர்களுக்கு அது மரியாதைக் கணக்கில் சேர்ந்துவிடும். கடைசியில், பிள்ளை சோதனையில் தேறினால் அவளுக்கு, தேறாவிட்டால் ஸ்வைனின் மச்சானுக்கு என்று முடிவாயிற்று. தேறுவாள். என்னைவிட நன்றாகச் சுடுவாள், என்னைப்போல் சுடுவதற்கு முன் மூச்சோடு சண்டை பிடிக்க மாட்டாள். தோட்டா மட்டும் சரியாக இருக்க வேண்டும், தோட்டா என் பொறுப்பு.

கடையில் வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம், இவரும் கேட்டார், இவர் என்றால் என் மனுசன். இந்தத் துவக்கு ஆர்னேயின் தகப்பனுடையது, மீன் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய ஆர்னே, தோள்மூட்டுப் போனதும் எனக்கு விற்றுவிட்டான், தகப்பனுக்கு முதல் யாருடையதோ, நூறு வயது தாண்டியிருக்கும். இப்போதைய கடைத் தோட்டாவின் வீச்சை அதன் பூட்டுத் தாங்காது. கிழவருக்குக் கஞ்சிதான் கொடுக்க வேண்டும். அதனால் நானே செய்கிறேன். இவருக்கு ஒருமுறை விளங்கப்படுத்தினேன், பித்தளைக் கோது, கோதின் அடியில் வெடிப்பொட்டு, உள்ளே மருந்து, வாயில் சன்னம், கொழுக்கட்டைக்குள் பயறு வைத்து மூடுவது மாதிரித்தான் என்று. "பிள்ளையாரை இதுக்குள்ள இழுக்காதையும்" என்றார். கஞ்சி என்றால் பாதிக் கோதுக்குத்தான் மருந்து, மேல்பாதி வெறும் காற்று. அங்கேதான் ஆபத்து இருக்கிறது. கோது நிறையப் போடுகிற மருந்தென்றால் தவறி இரண்டாம் தரம் ஊற்றும்போது பொங்கி வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். பாதியளவு மருந்து இரண்டு தரம் விழுந்தாலும் கோது வாயை மூடிக்கொண்டு கம்மென்று இருக்கும், கழுத்து ஒடுக்கம், மேலிருந்து பார்த்தால் கறுப்பு மட்டும்தான் தெரியும். சன்னம் மாட்டிவிட்டால் அதுவும் தெரியாது. எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள் மாதிரிப் பளபளவென்று நிற்கும். இப்போது நிற்கின்றனவே, அப்படி.

எல்லாம் லோஜினி மச்சாளின் போனால் வந்தது. இல்லை, அவவைக் குறை சொல்லக் கூடாது, போனை எடுத்தது நான். ரொறன்ரோவில் அவ விடிய எழும்பித் தேத்தண்ணி குடித்ததும் முதல் வேலை எனக்கு எடுப்பது, எனக்கு இங்கே மத்தியானம். அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன். வெடிப்பொட்டு வைத்த கோதுகளை ஓட்டைப் பலகையில் நட்டுவிட்டேன், அது நிச்சயம். மருந்துப் போத்தலைத் திறந்துவிட்டேன், அதுவும் நிச்சயம். அளவுக் கரண்டியும் கையில் இருந்தது, இடது கையால் போனை எடுத்தேன், எடுத்தவுடன் அவ சிரித்தா. "என்னடி மலர், லாபம் எண்டு சொல்லுறாய், நெல்லே அளக்கிறாய்?" என்று கேட்டா. "இல்லை மச்சாள், ஒரு வேலையா நிக்கிறன், சொல்லுங்கோ" என்றேன். சொன்னா. சாம்பவிக்கு அவ பேசிவருகிற கலியாணக் கதைதான். "பெடியன்ர தாய் கேக்கிறா, பெட்டை காட்டுக்குள்ள துவக்கோட திரியிறதாமே, உண்மையோ எண்டு." ஓம், உண்மைதான், அதுக்கென்ன என்றேன். "அதுக்கென்னவோ? இது சரிவரும் மட்டுமெண்டாலும் நிப்பாட்டி வையன். எங்கட சனம் செய்யிற வேலையே இது?" "எங்கட சனத்தில நான் செய்யிறன்தானே மச்சாள், இத்தினை வரியமா." "நீ செய்யலாம். நீ கட்டி முடிஞ்சிட்டாய்." இதைச் சொல்லிவிட்டு அவ வேறு கதைக்குப் போய்விட்டா, அவவின் முழங்கால், அங்கத்தைய முருங்கைக்காயின் முற்றல், நான் ம் ம் என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு நின்றேன். நீ கட்டி முடிஞ்சிட்டாய். என்னவோ நான் ஒரு கட்டுச் சாமான், கட்டி ஓரத்தில் வைத்தாயிற்று, இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற மாதிரி. போனை வைத்துவிட்டு அந்தக் கோபத்தோடேயே அளந்தேன். அளந்தது தெரியும், கரண்டியை முக்கி எடுத்துப் பழைய பஸ் அட்டையால் மேலே வழித்து வழித்து ஊற்றினேன், வாய் எண்ணிக்கொண்டே போனது, மனம் ரொறன்ரோவில் நின்று மச்சாளோடு சண்டை பிடித்தது. கடைசிக் கோதை முடிக்கவும் போன் திரும்ப அடிக்கவும் சரியாக இருந்தது. "சொல்ல மறந்து போனன், சாதகம் பாத்தாச்சாம், பொருந்துதாம்." ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அமுக்கு மெசினில் சன்னம் மாட்டத் தொடங்கினேன், முதலாவதை வழக்கம்போல் மேலே கொண்டுபோய்ச் சாமித்தட்டில் வைத்துவிட்டு வந்தேன், வந்து மிச்சத்தையும் மாட்டினேன், அவ கதைத்துக்கொண்டே இருந்தா. அந்த இரண்டாவது போனுக்கும் முதல் சன்னத்துக்கும் நடுவில் ரோச்சுக்கு இடமே இல்லை. எவ்வளவு நெருக்கிப் பார்த்தாலும் இடமில்லை.

லாபம் என்று எண்ணுவது ஐயாவின் பழக்கம், முள்ளியவளையில் நெல் வாங்கி விற்றவர், அளக்கும்போது ஒன்று என்று சொல்லவே மாட்டார். முதல் அளவை லாபம், பிறகு இரண்டு, மூன்று. ஒன்று என்று தொடங்கினால் ஒன்றோடு நின்றுவிடுமாம். அரிசி போட்டாலும் எண்ணெய் விட்டாலும் எனக்கும் வாய் லாபம் என்றுதான் தொடங்கும், தொழிற்சாலையில் மீன் பெட்டி எண்ணும்போதும் அப்படித்தான், ஆர்னே கொஞ்ச நாள் ஒன்று என்பதற்குத் தமிழே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். சித்தப்பாவும் அப்படித்தான் எண்ணினார். சித்தப்பாவிடம் இடியன் துவக்கு இருந்தது, குழாயின் வாய்க்குள்ளே மருந்தைக் கொட்டிக் கம்பியால் இடித்து இறுக்குகிற துவக்கு, பன்றி வயலுக்குள் இறங்குகிற காலத்தில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரிவார். ஒருநாள் பெரிய தனியன் பன்றி ஒன்று வருகிறது என்றதும் மருந்தை ஒரு பிடி கூடப் போட்டு இடித்தார். குழாய் பின்பக்கத்தால் பிளந்தது. அவருடைய வலது கண் இருந்த இடத்தில் தோல் இழுபட்டுத் தைத்த மாதிரி ஒரு மடிப்புத்தான் பிறகு இருந்தது, என்னைத் தூக்கி வைத்திருக்கும்போது அந்த மடிப்பைத்தான் விரலால் தடவுவேன். இப்போது ஏன் அதை நினைக்கிறேன். நினைக்காமல் இருந்தால்தான் அதிசயம். சாம்பவிக்கு வலது கன்னத்தில், சரியாகத் துவக்குக் கட்டை ஒட்டுகிற இடத்தில், ஒரு மச்சம் இருக்கிறது. பிறந்த அன்றைக்குத் தாதி அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

தராசை எடுத்து ஒவ்வொரு தோட்டாவாக வைத்துப் பார்த்தேன். கோதுகள் மூன்று வேறு தொழிற்சாலைகளில் செய்தவை, சில தடிப்பு, சில மெல்லிசு, முள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது, ஒன்று கனமென்றால் அது பித்தளையின் கனமா மருந்தின் கனமா என்று யார் சொல்வது. ஆகக் கனமான இரண்டை எடுத்து உடைத்தேன். உடைப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கிறது, தோட்டாவை அதற்குள் தலைகீழாக மாட்டி மரக்கட்டையில் ஓங்கிக் குத்தினால் சன்னம் கழன்று விழும், மருந்தும் கொட்டும். இரண்டிலும் மருந்து சரியான அளவு. அப்பாடா என்று மூடியை மூடப் போனேன், கை மூடியிலேயே நின்றுவிட்டது. இரண்டு சரி என்றால் மற்றவை சரி என்று எந்தச் சட்டம் சொல்கிறது. இப்போது மூடினால் இரவு முழுக்க இந்தப் பெட்டி என் தலைமாட்டில் கிடக்கும், நாளைக்குத் திடலில் பிள்ளை படுத்திருப்பதைப் பார்க்கவும் மாட்டேன் பார்க்காமல் இருக்கவும் மாட்டேன். முடியாது. எல்லாவற்றையும் உடைக்கிறது, திரும்பச் செய்கிறது. அரைநாள் வேலை போனால் போகட்டும். சாம்பவி வேலையால் வருவதற்குள் முடிய வேண்டும், முடியும். தோட்டாவை மாட்டினேன், குத்தினேன். நிலவறை முழுக்க அதிர்ந்தது. இவர் படியில் பாதி இறங்கி நின்று பார்த்தார். "என்னப்பா குத்திறீர், பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவில தட்டப் போறான்." "நாளையான் தோட்டாவை உடைக்கிறன்." "செய்ததை ஏன் உடைக்கிறீர்?" "ஒண்டில பிழை இருக்கலாம்." "எதில?" "அது தெரிஞ்சா நான் ஏன் எல்லாத்தையும் உடைக்கிறன்." "அப்ப நாளைக்குப் பிள்ளை எதால சுடுறது?" "திருப்பிச் செய்வன்." "நேரம் காணுமோ?" "காணும்." மேலும் ஏதாவது சொன்னால் சுத்தியல் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும், நல்ல மனுசன், தேத்தண்ணி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

குத்தினேன், கொட்டினேன், நிறுத்தேன், சரி. குத்தினேன், கொட்டினேன், நிறுத்தேன், சரி. ஒவ்வொன்றையும் சுத்தியலுக்குள் தலைகீழாகத் திருப்பும்போது உள்ளே மருந்து சரசரவென்று ஓடி மறுபக்கம் விழுவது விரலுக்குத் தெரிகிறது. தொழிற்சாலை மெசின் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, விரல் மந்தமாகவில்லை. முதல் வருடம் குழுவோடு போனபோது என்னை ஒரு சதுப்பின் ஓரத்தில் மரக்கட்டையில் இருத்திவிட்டு இங்கேயே இரு, அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள், எல்க் அந்தப் பக்கம் வராது என்று தெரிந்துதான் இருத்தினார்கள். அது வந்தது. பூவரசம் இலை அளவு காதை ஆட்டிக்கொண்டு, யாரோ வீட்டுக்காரர் தன் வளவைப் பார்க்க வந்த மாதிரி வந்து நின்றது. எனக்குத் துவக்கென்றால் பயம், ஊரை விட்டு வந்ததே துவக்குக்குப் பயந்துதான், அந்தப் பயத்தோடுதான் சுட்டேன், பயம் இருந்ததால்தான் அவசரப்படாமல் சுட்டேன் என்று இப்போது நினைக்கிறேன். விழுந்தது. ஆர்னே ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான், நான் அழுதேன், அவன் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்தான், பாதிதான் அது. இறைச்சியைப் பங்கு போடும்போது என் பங்கும் அவர்கள் பங்கு அளவுக்கே இருந்தது. இந்த ஊருக்கு வந்து அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் இவர்களோடு ஒரே பலகையில் சரிக்குச் சரி நின்ற மாதிரி இருந்தது. அந்த இடத்தைத்தான் பிள்ளைக்குக் கேட்கிறேன், சங்கிலியை அல்ல. ரொறன்ரோவில் இருக்கிற அந்தத் தாய்க்கு இது விளங்காது, மச்சாளுக்கும் விளங்காது, விளங்கப்படுத்தவும் நான் போகப் போவதில்லை. பெடியனுக்கு விளங்கினால் வரட்டும், வந்தால் எல்க் இறைச்சிக் கறி வைத்துக் கொடுக்கிறேன். குத்தினேன், கொட்டினேன், நிறுத்தேன். பெட்டி வெறுமையாயிற்று. ஒன்றிலும் பிழை இல்லை. மணிக்கட்டு வலித்தது, சிரிப்பும் வந்தது. ரோச்சை எடுத்துப் பார்த்துத்தான் இருக்கிறேன், விசரி, பார்த்துவிட்டு மாட்டியிருக்கிறேன். இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு இறங்கி வந்து "எல்லாம் சரியோ?" என்று கேட்டார். "சரி, ஒரு பிழையுமில்லை" என்றேன். அவரும் சிரித்தார்.

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே வெறுங்கோதுகளைத் திரும்பவும் ஓட்டைப் பலகையில் நட்டேன். பலகையை நிறைத்துத்தான் எப்போதும் செய்வேன், குறை வைக்க மாட்டேன். கடைசியில் ஒரு குழி மிஞ்சியது. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன், சலவை மெசினுக்குப் பின்னால் பார்த்தேன், கோது உருண்டு போகிற சாமான், எங்கேயாவது போயிருக்கும். பிறகு நிமிர்ந்தேன். ஒன்றும் உருண்டு போகவில்லை, அது மேலே இருக்கிறது, சாமியறையில், பிள்ளையாருக்கு முன்னால், நானே கொண்டுபோய் வைத்தேன். முதலாவது. லாபம். "என்னடி மலர், லாபம் எண்டு சொல்லுறாய்." போனை எடுக்கும்போதே அவவின் காதில் அது விழுந்திருக்கிறது. என் வாய் சும்மா லாபம் சொல்லாது, கை ஊற்றும்போதுதான் சொல்லும். அப்படியென்றால் போன் வர முன்னமே முதல் கோதுக்குள் ஒரு கரண்டி விழுந்துவிட்டது. போனை வைத்த பிறகு எங்கேயிருந்து தொடங்கினேன். எங்கேயிருந்து தொடங்குவேன், நான் என்றைக்கு இரண்டிலிருந்து தொடங்கினேன். கோப்பையை வைத்துவிட்டு மேலே சாமியறைக்கு ஏறினேன். வெள்ளித்தட்டில் அது கிடந்தது, இவர் மத்தியானப் பூசைக்கு அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார். முதல் வருடம் கொலைச்சாமானைக் கொண்டுவந்து சாமிக்கு முன்னால் வைக்கிறதோ என்று சண்டை பிடித்தவர் இப்போது பொட்டும் வைக்கிறார். அதைத்தான் சோதனையில் முதலாவதாகச் சுடுவது. நானும் அப்படித்தான் செய்தேன், சாம்பவியும் அப்படித்தான் செய்வாள், சாமியிடம் வைத்ததென்று அதை மட்டும் தனியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவாள். எடுத்தேன். பின்னால் வந்த இவர், "சாமிக்கு வைச்சதை எடுக்கிறதோ? விடும், பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்" என்றார். "பிள்ளையாரிட்ட ரோச் லைற் இல்லை" என்றேன், சொன்ன பிறகு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

படியில் இறங்கும்போதே கையில் தலைகீழாகத் திருப்பினேன். ஒன்றும் ஓடவில்லை. திரும்பவும் நிமிர்த்தினேன், திருப்பினேன், விரல்களை இறுக்கிக் கவனித்தேன். மற்ற எல்லாவற்றுக்குள்ளும் மணல் மாதிரி ஓடியது, இதற்குள் அசைவே இல்லை, ஓடுவதற்கு உள்ளே இடமில்லை. சுத்தியலில் மாட்டிக் குத்தினேன். ஒருமுறை, இன்னொருமுறை. சன்னம் விழுந்தது, மருந்து கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. தராசுத் தட்டில் வைத்தேன். மற்றவற்றின் இரண்டு மடங்கு. அளவுக் கரண்டியை எடுத்து அந்த மருந்தையே திரும்ப அளந்து பார்த்தேன், ஒரு கரண்டி, பிறகு வழித்தால் இன்னொரு கரண்டி, மிச்சம் மீதி எதுவும் இல்லை. சவர்க்காரத்தூள் பெட்டியின் மேலேயே இருந்துவிட்டேன். இவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையிலிருந்து எடுப்பாள், என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடிப்பாள், பூட்டை இழுத்து மூடுவாள், மச்சத்தைக் கொண்டுபோய்க் கட்டையில் ஒட்டுவாள். இதைத்தான் நான் தடவித் தடவி, சாமிக்கு முன்னால் வைத்து, என் பிள்ளைக்குச் செய்து கொடுத்தேன். பக்தியாக ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தேனே, அந்த ஒன்றை மட்டும்தான் நான் உடைக்க மறந்தேன். ஆணியைப் பார்க்காமல் கை கழுவப் போயிருந்தால். போகவில்லை, பார்த்தேன். பார்த்ததைப் பிடித்துக்கொண்டு எழும்ப வேண்டும், இப்படியே இருந்தால் என் இடம் ஸ்வைனின் மச்சானுக்குப் போய்விடும். பயத்தோடுதான் முதல் எல்க்கைச் சுட்டேன், பயத்தோடேயே இதையும் செய்யலாம். அந்த இரட்டை மருந்தைக் கொண்டுபோய் முற்றத்து மழையில் கொட்டினேன். சந்தனம் ஒட்டியிருந்த கோதைத் துணியால் துடைத்தேன், துடைத்துப் பலகையில் முதல் குழியில் நட்டேன்.

மேலே கதவு திறந்தது, சப்பாத்தைக் கழற்றி எறிகிற சத்தம், எத்தனை தரம் சொன்னாலும் எறிவாள். ஈர முடியோடு இறங்கி வந்து மேசையைப் பார்த்தாள். "என்னம்மா, இன்னும் முடியேல்லையா?" "முடிஞ்சது, உடைச்சிட்டன். முதலாவதுக்குள்ள ரெண்டு தரம் மருந்து போட்டிருக்கிறன். மச்சாளோட போன் கதைச்சுக்கொண்டு செய்தனான்." ஒளிக்காமல் சொன்னேன். அவள் சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அவளுக்கு விளங்குகிற அளவுக்கு இந்த வேலை தெரியும். கை தன்பாட்டில் போய் வலது கன்னத்தைத் தொட்டது. "சாமித் தோட்டாவா?" "ஓம்." "நாளைக்கு வேற ஆரிட்டயாவது துவக்கு வாங்கிச் சுடட்டா? ஆர்னேயின்ர மகனிட்ட கேக்கலாம்." "உனக்குப் பயமெண்டா கேள். எனக்கும் பயம்தான். ஆனா நீ பழகினது இதில, இந்தக் கட்டை உன்ர கன்னத்துக்குத் தெரியும்." சாம்பவி அங்கிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தாள். "சரி, செய்யுங்கோ. நான் பாக்கிறன்." ஆணியிலிருந்து ரோச்சைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். "ஒவ்வொண்டும் நான் ஊத்த ஊத்த உள்ளுக்கு அடிச்சுப் பார். சரியெண்டு நீ சொன்னாத்தான் அடுத்தது." கரண்டியை முக்கினேன், பஸ் அட்டையால் மேலே வழித்தேன். முதல் கோதின் வாயில் சாய்க்கும்போது போன் அடித்தது. திரையில் லோஜினி மச்சாள் சிரித்தா. சாம்பவி எடுக்கக் கையை நீட்டினாள். "அடிக்கட்டும்" என்றேன். அவள் கையை இழுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கோதுக்குள் பிடித்தாள். வாய் வழக்கமான இடத்துக்குப் போகப் பார்த்தது, பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"ஒண்டு" என்றேன்.

"லாபம் எண்டெல்லே சொல்லுவீங்கள்?"

"ஒண்டு. உள்ளுக்குப் பார்."

குனிந்து பார்த்தாள், முடியிலிருந்து ஒரு துளி மேசையில் விழுந்தது. "சரி" என்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. கரண்டியை முக்கி எடுத்து வழித்து, "ரெண்டு" என்றேன்.